சிவப்பு வராத பெட்டி

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சிவப்பு, பச்சை என்று நிறத்தைப் பார்த்துச் சட்டென்று ஒயரை முறுக்கிவிட்டுப் போகிற இடத்தில், இவர் ஒவ்வொரு ஒயரிலும் மீட்டரை வைத்துச் சோதிப்பார். வெள்ளை டேப்பைச் சுற்றி அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதுவார். அதன் பிறகுதான் திருப்புளியை எடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைவைத்த லிப்ட் ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை. எச்சரிக்கையான ஊழியர் என்று கம்பெனி விழாவில் இரண்டு முறை கேடயம் கொடுத்தார்கள். இரண்டு முறையும் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு வந்தார். ஆள் என்ன அடக்கம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மீட்டருக்குச் சிவப்பு தெரியாது.

பத்தொன்பது வயதில் ரயில்வேயில் சிக்னல் வேலைக்குப் போனபோதுதான் அவருக்கே அது தெரியவந்தது. டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துப் புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். பக்கத்துக்குப் பக்கம் இவருக்குப் புள்ளிகள்தான் இருந்தன. சிவப்பு இவர் கண்ணுக்குக் கறுப்பின் சொந்தக்காரன். பச்சையும் பழுப்பும் ஒட்டிப் பிறந்தவை. வீட்டுக்கு வந்து, ஆள் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அன்றைக்குத் தொடங்கிய மறைப்பு அது.

மறைத்த இடம்தான் வேடிக்கை. அவர் மனைவி பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் 'கலர் அக்கா'. உடைந்த ஓட்டுத் துண்டையோ கதவில் சுரண்டிய செதிலையோ கொண்டுவந்து நீட்டினால், அரைமணி நேரத்தில் அதே நிறத்தை டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுவாள். அந்தக் கடையின் சரக்கு லிப்டைப் பார்க்கப் போனபோதுதான் மீட்டர் அவளை முதலில் பார்த்தார். மேசைமேல் நாற்பது வெள்ளை அட்டைகளைப் பரப்பி வைத்து, இது மஞ்சள் சாய்ந்த வெள்ளை, இது நீலம் சாய்ந்த வெள்ளை என்று பிரித்துக்கொண்டிருந்தாள். இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இந்தப் பெண்ணிடம் போய், எனக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான் என்று எந்த வாயால் சொல்வது? அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழகிவிட்டால் அதுவும் ஒரு தொழில்தான். அவரிடம் இருந்த சட்டைகள் எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் நீலம். தக்காளி வாங்கப் போனால், கூட வரும் மனைவியிடமோ மச்சினனிடமோ, உனக்குத்தான் ராசியான கை, நீயே எடு என்று விலகிக்கொள்வார். சாலை சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. மனைவி புதிதாக ஒரு நிறம் கலந்துகொண்டு வந்து காட்டினால், கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, பிரமாதம் என்பார்.

இப்படி இருந்தவர், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, ஒரு சனிக்கிழமை வீடியோ கேம் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்த விளையாட்டுக் கூடத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கே லிப்ட் வேலைக்குப் போகும்போதெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டர் ஒரு பெட்டியின் முன்னால் நிற்பது வழக்கம். ஆள் உயர மரப்பெட்டி. நெஞ்சு உயரத்தில் ஒரு கைப்பிடி, இரண்டு பட்டன், அதற்கு மேல் பழைய டிவி மாதிரி கனத்த கண்ணாடித் திரை. குட்டி வீரன் ஒருவன் காட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, கோட்டைக்குள் நெருப்புக் கக்கும் பல்லியிடம் போக வேண்டும். மீட்டர் ஒருநாளும் காட்டைத் தாண்டியதில்லை. பாதி வழியில் வீரன் காரணமே இல்லாமல் செத்துவிடுவான். தன் கை மெதுவான கை என்று அவர் முடிவுகட்டியிருந்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. கூடத்து மேனேஜர், எடுத்துட்டுப் போங்க சார், எங்களுக்கு இடம் காலியானால் போதும் என்றதும், சரக்கு வண்டி ஓட்டும் மச்சினனைப் போனில் கூப்பிட்டுவிட்டார்.

இருவருமாக அதை இறக்கி, முன் அறையில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நிறுத்தினார்கள். அடுத்த சவாரி இருக்கிறது மாமா என்று மச்சினன் கிளம்பிவிட்டான். மீட்டர் பிளக்கைச் செருகினார். பாட்டு வந்தது, படம் வந்தது. கூடத்தில் பார்த்தது எப்படியோ அப்படியே. மீட்டருக்கு மனசு நிறைந்துவிட்டது.

மாலையில் மனைவி கடையிலிருந்து வந்தாள். இப்படி ஒன்று வரப்போகிறது என்று போனில் கேட்டிருந்ததால் திட்டத் தயாராகத்தான் வந்தாள். திரையைப் பார்த்ததும் திட்ட வந்ததை மறந்து, தோளில் பையோடு அப்படியே நின்றாள்.

"ஏங்க, இதுல சிவப்பே இல்லையே."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது மீட்டருக்கு. கத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது. பழைய பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று முணுமுணுத்தார்.

"பழசுன்னா மொத்தமா மங்கும். ஒரு நிறம் மட்டும் எப்படிக் காணாம போகும்? வெள்ளை எழுத்தெல்லாம் நீலப்பச்சையா இருக்கு. நெருப்பப் பாருங்க, பாசி புடிச்ச கரி மாதிரி இருக்கு."

மீட்டர் நெருப்பைப் பார்த்தார். அது என்றைக்கும் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

பேசாமல் விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பழுது என்று காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க அவர் கைக்குத் தெரியாது. அதுவும் மனைவி கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒரு நிறம் மட்டும் ஏன் போக வேண்டும்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியின் பின் பலகையைக் கழற்றி, உள்ளே கிடந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கேம் போர்டிலிருந்து மானிட்டருக்கு நிறத்துக்கு ஒன்றாக மூன்று ஒயர் போனது. போர்டு சிவப்பை அனுப்பவில்லையா, அனுப்பியும் மானிட்டர் காட்டவில்லையா என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. வழக்கம்போல மூன்றுக்கும் டேப் சுற்றி, போர்டில் இருந்த குறிப்பைப் பார்த்து, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று என்று எண் எழுதினார். உள்ளே இருந்த சோதனைப் பட்டனை அழுத்தினால் திரையில் நான்கு பட்டைகள் வரும். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று அந்த வரிசை பெட்டிக்குள் ஒட்டியிருந்த தாளில் அச்சாகியிருந்தது. மனைவியை டீயோடு முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பின்னால் இருந்துகொண்டு, என்ன நிறம் என்று மட்டும் சொல்லு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

முதலாவது கறுப்பு, அப்புறம் பச்சை, நீலம், கடைசியில் நீலப்பச்சை என்று அவள் சொன்னாள். ஒன்றாம் ஒயரையும் இரண்டாம் ஒயரையும் மாற்றிப் போட்டார். இப்போது முதலாவது பச்சை, இரண்டாவது கறுப்பு என்றாள். அதாவது போர்டு அனுப்பும் சிவப்பு, பச்சையின் வழியாகப் போனால் ஒழுங்காகத் தெரிகிறது. சிவப்பின் வழியில் எதை அனுப்பினாலும் செத்துப் போகிறது. அப்படியானால் போர்டின் மேல் குற்றம் இல்லை, மானிட்டருக்குள்தான் கோளாறு. மீட்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நிறம் எதையும் பார்க்காமலே நிறத்தின் கோளாறைப் பிடித்தாயிற்று.

ஒயர்களைப் பழையபடி மாட்டி, மின்சாரத்தை நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கினாலும் பிக்சர் டியூபுக்குள் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு திருப்புளியில் ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டு, டியூபின் மேல் இருந்த ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். டப்பென்று ஒரு சத்தம். மனைவி அங்கிருந்து என்ன என்று கேட்டாள். ஒண்ணுமில்ல, மிச்சம் மீதி இருந்தது போயிருச்சு என்றார்.

டியூபின் கழுத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன போர்டு மாட்டியிருந்தது. அதை உருவி எடுத்து வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரே மாதிரி மூன்று டிரான்சிஸ்டர்கள். முதலாவதின் காலைச் சுற்றி, ஈயப்பற்றில் தலைமுடி மாதிரி வட்டமாக ஒரு விரிசல். இவ்வளவுதானா நீ என்று அதனிடமே சொல்லிவிட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார்.

அதற்குள் மனைவிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. துணி காயப்போட வேண்டும் என்று எழுந்தாள். போகும்போது படுக்கை அறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிவந்து, நாற்காலியில் திரையைப் பார்த்த மாதிரி சாய்த்து வைத்தாள். இனி பின்னால் இருந்தபடி நீங்களே பார்த்துக்கலாம், எதுக்கு ஆள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நல்ல யோசனை. மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

போர்டை மாட்டி, மின்சாரம் கொடுத்து, ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாமல் இருக்க ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மறு கையால் மீட்டரை வைத்தார். செத்துக் கிடந்த இடத்தில் உயிர் வந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தார். கொஞ்சம் மாறின மாதிரியும் இருந்தது, மாறாத மாதிரியும் இருந்தது. கண்ணை அவர் எப்போதும் நம்பியதில்லை, மீட்டரை நம்பினார்.

"வந்துருச்சு, வந்து பாரு. படம் பளிச்சுன்னு இருக்கு. எழுத்தெல்லாம் சுத்த வெள்ளை" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது இதுதான். சிவப்பு வராத காலத்தில் யாரோ ஒருவர் அதை வரவழைப்பதற்காகச் சிவப்பின் அளவைக் கூட்டும் திருகைக் கடைசிவரை முறுக்கிவிட்டிருக்கிறார். இப்போது வழி திறந்ததும் அத்தனையும் கொட்டிவிட்டது. காடு, வானம், எழுத்து எல்லாம் ஒரே சிவப்பு. ஈரத் துணியோடு வந்த மனைவி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுடைய பதிலுக்காக ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

துணியை இன்னொரு நாற்காலியில் போட்டுவிட்டு, தன் கைப்பையிலிருந்து கடையின் நிற அட்டைகள் இரண்டை எடுத்து நீட்டினாள்.

"இதுல எது சிவப்பு?"

மீட்டர் இரண்டையும் பார்த்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. சூடாக இருந்த பற்றவைப்புக் கோலை அதன் தாங்கியில் கவனமாகச் செருகினார்.

"தெரியல" என்றார். "எப்பவும் தெரியாது. பொறந்ததுல இருந்தே இப்படித்தான்."

அவள் துணியை எடுத்துக்கொண்டு போய் முழுவதையும் காயப்போட்டாள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் பயந்த நிமிஷம் வந்துவிட்டது. வந்தபின் பார்த்தால், பயத்தைவிட, முதுகில் இருந்த மூட்டையை இறக்கிவைத்த களைப்புதான் அதிகமாக இருந்தது. அவள் திரும்பி வந்து எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். தக்காளி? ஆமாம். சிக்னல்? மேலே, கீழே. வேலையில் ஆபத்து இல்லையா? ஒயரை நான் நிறம் பார்த்துத் தொடுவதே இல்லை, மீட்டர் வைத்துத்தான் என்றார். கேடயம் வாங்கிய கதையின் உண்மையை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார். சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு உதட்டோரம் துடித்தது. ஆனால் உடனே முகம் மாறி, பின்னாலிருந்த சுவரைக் கை காட்டினாள். முன் அறைக்கென்றே அவள் பார்த்துப் பார்த்துக் கலந்த செங்கல் சிவப்பு அது.

"அப்ப இந்தச் சுவரு உங்களுக்கு எப்படித் தெரியுது? உண்மையச் சொல்லுங்க."

மீட்டர் திரும்பி அதை நன்றாகப் பார்த்தார். "இருட்டா தெரியுது. ஆனா கெட்ட இருட்டு இல்ல. வெயில்ல இருந்து வீட்டுக்குள்ள வந்ததும் கண்ணுக்கு வருமே, அந்த மாதிரி. எனக்குப் புடிக்கும்."

"நாலு நாள் கலக்கினேன்."

"தெரியும்."

"பிரமாதம்னு சொன்னீங்க."

"அத வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவளுக்கு அங்கேதான் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. நாலு நாள் உழைத்து நல்ல தரமான இருட்டு ஒன்றைக் கலந்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கு வருத்தம் இருக்கிறது, அது ஒரு நாளில் போகாது என்றும் சொன்னாள். நிறம் தெரியாததற்கு வருத்தம் இல்லை. இத்தனை வருஷமும் அவர் சொன்ன ஒவ்வொரு பிரமாதத்தையும் நிஜம் என்று நம்பிக் கடைக்குப் போயிருக்கிறாள். இனிமேல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மீட்டர் ஒப்புக்கொண்டார்.

"சரி, எந்திரிங்க. இந்தப் பெட்டிய இப்படியே விட்டா எனக்குத் தலவலி வரும்."

மீட்டர் பின்னால் போனார். அவள் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று நிறத்துக்கும் மூன்று திருகு. எல்லாவற்றையும் அடியோடு குறைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் திருப்புளியைப் பிடித்தபடி அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கறுப்பு கறுப்பாக நின்றதும் வெள்ளைக்கு வந்தார்கள். நாற்பது வெள்ளை தெரிந்தவளிடம் ஒரு வெள்ளையைக் கொண்டுவருவது லேசான காரியமா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இது மோர், இது பல், இது ஆஸ்பத்திரிச் சுவர் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒன்றரை மணி நேரம் போயிற்று. மீட்டருக்கு முழங்கால் மரத்துவிட்டது. ஆனால் இவ்வளவு நிம்மதியாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. தெரிந்த மாதிரி நடிக்க வேண்டியதில்லை. அவள் சொன்ன பக்கம் திருகினால் போதும்.

"கையெடுங்க, தொடாதீங்க. இதான் வெள்ளை" என்று கடைசியில் அவள் சொன்னபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் மீட்டர் நேராக சூப்பர்வைசரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மறைத்தது போதும் என்று தோன்றிவிட்டது. வேலையிலிருந்து நிறுத்தினாலும் நிறுத்தட்டும். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டேப்பில் எண் எழுதும் வழக்கத்தை இனி எல்லோருமே பின்பற்றினால் என்ன என்று கேட்டார். நிறத்தை நம்பித் தப்பு செய்த கதைகள் அவரிடம் மூன்று இருந்தனவாம். எதற்கும் இருக்கட்டும் என்று விஷயத்தை மீட்டரின் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டார், வேலை மாறவில்லை.

அந்த வாரம் முழுக்க மாலை வேளையில் இருவரும் மாறி மாறி விளையாடினார்கள். பட்டனையே தொட்டறியாத மனைவி மூன்றாம் நாளில் காட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். மீட்டரின் வீரன் வழக்கம்போல மரங்களுக்கு நடுவே செத்துக்கொண்டிருந்தான். என் கை மெதுவான கை என்றார்.

"கை எல்லாம் சரியாத்தான் போகுது. அம்பு வர்றப்ப ஏன் குனிய மாட்டேங்குறீங்க?"

"எந்த அம்பு?"

மனைவி திரையைப் பார்த்தாள். பச்சை மரங்களுக்கு நடுவிலிருந்து சிவப்பு அம்புகள் சரம் சரமாக வந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷமும் மேல்மாடியில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இந்த மனுஷர் கண்ணுக்குத் தெரியாத அம்பு வாங்கிச் செத்திருக்கிறார். அவளுக்குப் பரிதாபமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது; கோபம் அந்த விளையாட்டைச் செய்தவன் மேல்.

அவருக்கு எந்த நிறம் நன்றாகத் தெரியும் என்று கேட்டாள். நீலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார். அப்படியானால் சிவப்பை நீலத்தின் வழியில் அனுப்பினால் என்ன என்று அவள்தான் கேட்டாள். அன்றைக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் மாற்றிப் போட்டார்களே, அதே வேலைதானே? மீட்டர் உடனே பெட்டியை அணைத்தார். பின் பலகையைக் கழற்றி ஒன்றாம் ஒயரையும் மூன்றாம் ஒயரையும் இடம் மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டார்.

நிறம் கலப்பவள் பார்க்கக் கூடாத காட்சி அது. வானம் ரத்தச் சிவப்பு, ஆறு சிவப்பு, நெருப்பு நீலம். வெள்ளையும் பச்சையும் மட்டும் தப்பித்தன. அவள் ஐயோ என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். மீட்டர் மட்டும் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். அவர் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிந்த மரங்களுக்கு நடுவிலிருந்து பளீரென்று நீலக் கோடுகள் பாய்ந்துகொண்டிருந்தன.

"இவ்வளவா?" என்றார் மெதுவாக. "இவ்வளவு அம்பா வருது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் வைத்தார். மேலே தள்ளினால் அவள் நிறம், கீழே தள்ளினால் அவர் நிறம். அன்று மதியம் மச்சினன் வந்தான். அக்கா விளையாடும்போது எல்லாம் சரியாக இருந்தது. மாமா போய் நின்றதும் வானம் சிவந்துவிட்டது. மானிட்டர் மறுபடி போச்சு மாமா என்று பதறி எழுந்தான். அக்கா அவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, அது மாமாவோட நிறம், நீ டீயைக் குடி என்றாள். மாமாவே ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். மச்சினன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப அந்தத் தக்காளி எல்லாம் என்று ஆரம்பித்தான். அக்கா சிரித்துவிட்டாள்.

மீட்டர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முதல் அம்புக்குக் குனிந்தார், இரண்டாவதுக்குத் தாவினார், மூன்றாவது தலைக்கு மேலே போனது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசி மரமும் போய், வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வீரன் ஆற்றங்கரையில் நின்றான். பின்னால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றைத் தாண்டக் கிடந்த கற்களில் முதல் கல்லிலேயே வீரன் கால் தவறி விழுந்தான்.

"இப்ப என்னங்க, கல்லு தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுது" என்றார் மீட்டர். "கைதான் மெதுவு."

அவள் எழுந்து வந்து அவரை இடுப்பால் தள்ளிவிட்டு, தன் ஆட்டத்தைத் தொடங்கினாள்.